பிரசவ வலியும் ஆறு மூச்சும்: ஒரு நீண்ட இழை

1/
"மூச்சை நல்லா இழுத்து விடும்மா."
பிரசவ வார்டுக்குப் போய் வந்த பெண்கள் எல்லாரும் இதைக் கேட்டிருப்பாங்க. ஆனா எப்படி இழுக்கணும், எவ்வளவு நேரம் விடணும், அதனால என்ன ஆகும்னு முன்னாடியே யாராவது சொல்லிக் கொடுத்தாங்களான்னு கேட்டா, பெரும்பாலும் இல்லைங்கிற பதில்தான் வரும். அதைப் பத்திதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். கர்ப்பிணிகள், அவங்க அம்மா, மாமியார், கணவர் எல்லாருமே படிக்கலாம்.

2/
நான் அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர். மகப்பேறு நிபுணர் இல்லை. ஆனா பிரசவ வார்டு டியூட்டி பார்க்காத அரசு டாக்டர் குறைவு. ஊர் மேட்டுப்பாளையம். கோவை மேட்டுப்பாளையம் இல்லீங்க, புதுச்சேரி மேட்டுப்பாளையம், தொழிற்பேட்டை இருக்கிற இடம். இங்கே எழுதுறது பொதுவான தகவல். உங்களைப் பார்க்கிற டாக்டர் உங்க உடம்புக்கு ஏற்ற மாதிரி வேற சொன்னா, அவங்க சொல்றதைத்தான் கேட்கணும்.

3/
முதல்ல ஒரு உண்மை. மூச்சுப் பயிற்சி பிரசவ வலியை மறைய வைக்காது. "இந்தப் பயிற்சி செஞ்சா வலியே தெரியாது"ன்னு யாராவது காசு வாங்கிட்டுச் சொன்னா நம்பாதீங்க.
அது செய்யற வேலை வேற. வலி மேல பயம் ஏறி உட்கார்ந்து, ஒரு மடங்கு வலியை ரெண்டு மடங்கா ஆக்கறதைத் தடுக்கும். அதுவே பெரிய விஷயம். எப்படின்னு பார்ப்போம்.

4/
கர்ப்பப்பை முழுக்கத் தசை. அது சுருங்கும்போது கர்ப்பப்பையின் வாய் கொஞ்சம் கொஞ்சமா விரியும். 10 சென்டிமீட்டர் வரை விரியணும். இந்தச் சுருக்கமும் விரிதலும்தான் அடிவயிறும் இடுப்பும் பிடிச்சு இழுக்கிற வலி. பிள்ளையோட தலை கீழே இறங்கின பிறகு வர்றது வேற வலி. பிறப்புப் பாதை விரியறதால வர்றது அது. அழுத்தமும் எரிச்சலும் சேர்ந்து இருக்கும்.

5/
இதுல பயம் எங்கே வருது? பயந்தா உடம்பில் அட்ரினலின் கூடும். இதயம் வேகமா அடிக்கும், மூச்சு மேல் நெஞ்சிலேயே நிற்கும், தோள், தாடை, தொடை எல்லாம் இறுகும். அட்ரினலின் ரொம்பக் கூடினா கர்ப்பப்பையோட ஒழுங்கான சுருக்கமும் தடுமாறலாம். பிரசவம் இழுத்துக்கிட்டே போகும். இழுத்துக்கிட்டே போனா பயம் கூடும். பயம் கூடினா வலி கூடும். சுத்திச் சுத்தி அதே வட்டம்.

6/
இந்த வட்டத்தைத் தெளிவா எழுதி வச்சவர் கிரான்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மகப்பேறு மருத்துவர். பயம், இறுக்கம், வலி: ஒன்று மற்றொன்றைத் தூக்கிவிடும் என்றார். 1933-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அவர் சொன்ன எல்லாமே சரி கிடையாது. நாகரிகம் வந்ததால்தான் பெண்களுக்கு வலிக்குதுன்ற மாதிரி பேசினதெல்லாம் இன்னைக்கு யாரும் ஏத்துக்க மாட்டாங்க. ஆனா அந்த வட்டம் பிரசவ வார்டில் தினமும் கண்ணால பார்க்கிற விஷயம்.

7/
இப்போ ஒரு சின்னக் கணக்கு. இந்த இழையில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கோங்க.
வலி நல்லா பிடிச்ச பிறகு, 10 நிமிடத்துக்கு 3 முறை வலி வரும்னு வைங்க. ஒவ்வொன்னும் சுமார் 50 நொடி. மொத்தம் 150 நொடி, அதாவது இரண்டரை நிமிடம். மீதி ஏழரை நிமிடம் கர்ப்பப்பை ஓய்வில் இருக்கு.

8/
ஆனா பயந்துபோன பெண்ணுக்கு அந்த ஏழரை நிமிடம் கிடைக்கிறதில்லை. போன வலியை நினைச்சு அழுதும், வரப்போற வலிக்கு உடம்பை இறுக்கிக்கிட்டும் அது போயிடுது. பத்து நிமிடமும் வலியாத்தான் அவங்களுக்குத் தெரியும். சிலருக்கு இடுப்பு வலி இடையிலும் முழுசா விடாது, அது உண்மை. ஆனாலும் பெரும்பாலானவங்களுக்கு இடைவெளி உண்டு. மூச்சுப் பயிற்சியோட பாதி வேலை அந்த இடைவெளியைத் திருப்பி வாங்கித் தர்றதுதான்.

9/
மீதிப் பாதி வேலை வலி இருக்கும் அந்த ஒரு நிமிடத்தில்.
மூக்கு வழியா 4 எண்ணும் வரை மெதுவா இழுங்க. வாயைக் குவிச்சு 6 எண்ணும் வரை மெதுவா விடுங்க. ஒரு மூச்சுக்கு 10 நொடி. வலி ஒரு நிமிடம் இருந்தா மொத்தம் 6 மூச்சு. முதல் ரெண்டு மூச்சில் வலி ஏறும். மூணாவது, நாலாவதில் உச்சி. அஞ்சு, ஆறில் இறங்கும். ஒவ்வொருத்தருக்கும் அளவு மாறும், ஆனா ஏறி இறங்கும் முறை மாறாது.

10/
இழுக்கிறதை விட விடுறது நீளமா இருக்கணும். காரணம் இருக்கு. மெதுவா மூச்சு விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும், உடம்பை அமைதிப்படுத்துற நரம்பு மண்டலம் வேலை செய்யும். தசைகளும் மூச்சு விடும்போதுதான் எளிதாத் தளரும். 6 எண்ண முடியலையா, 5 போதும். எண்ணிக்கை கணக்கு வாத்தியார் கேட்கப் போறதில்லை. மெதுவாங்கிறதுதான் முக்கியம்.

11/
வலி தொடங்கும்போது ஒரு பெரிய மூச்சு விட்டு "வந்துடுச்சு"ன்னு கூட இருக்கிறவங்களுக்குக் காட்டுங்க. வலி முடியும்போது இன்னொரு பெரிய மூச்சு. அது "முடிஞ்சுது"ன்னு உங்க உடம்புக்கே நீங்க சொல்றது. அதுக்கப்புறம் சாதாரணமா மூச்சு விடுங்க. இடைவெளியிலும் விடாம பயிற்சி மூச்சு இழுத்துக்கிட்டே இருக்க வேண்டாம். களைச்சுப் போயிடுவீங்க.

12/
வேகமா, ஆழமா விடாம இழுத்தா என்ன ஆகும்? ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். விரல் நுனி, உதடு மரத்துப் போகும், தலை சுத்தும், சிலருக்குக் கை விரல் கோணிக்கிட்டு இழுக்கும். பலர் இதைப் பார்த்து "ஜன்னி வந்துடுச்சு"ன்னு அலறிடுவாங்க. அளவுக்கு மீறினா பிள்ளைக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறையலாம். இப்படி ஆச்சுன்னா உடனே நர்ஸ்கிட்டே சொல்லுங்க. அவங்க பார்க்கட்டும். கூட இருக்கிறவங்க முகத்துக்கு நேரா நின்னு, தானும் மெதுவா மூச்சு விட்டு, "என்னைப் பார்த்து விடு"ன்னா பெரும்பாலும் சரியாகும்.

13/
மூச்சு மட்டும் போதாது, உடம்பும் தளரணும். மூணு இடத்தைப் பாருங்க: தாடை, தோள், கை. பல்லைக் கடிச்சிருந்தா வாயைக் கொஞ்சம் திறங்க. தோள் காது வரைக்கும் ஏறியிருந்தா இறக்குங்க. கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிச்சிருந்தா விரலை விரிச்சு விடுங்க. மூச்சு விடும்போது "ஆ..." இல்லேன்னா "ம்ம்ம்..."ன்னு தாழ்ந்த குரலில் சத்தம் போட்டா தாடையும் தொண்டையும் தானாத் தளரும். சத்தம் போடறது தப்பே இல்லை.

14/
இப்போ கொஞ்சம் சரித்திரம். இதுல நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கு.
"லமாஸ் முறை"ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பெரிய நகரத்துத் தனியார் மருத்துவமனைகளில் இந்தப் பேரில் வகுப்பே நடக்குது. ஃபெர்னாண்ட் லமாஸ் என்பவர் பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர். 1951-ல் சோவியத் ஒன்றியம் சென்றபோது, அங்கே மருந்தில்லாமல் பயிற்சியின் துணையோடு ஒரு பெண் பிள்ளை பெறுவதைப் பார்த்தார். அந்த முறையை 1952-ல் பாரிஸில் தொடங்கினார்.

15/
அவர் தொடங்கிய இடம் பணக்காரர்களின் மருத்துவமனை இல்லை. "ப்ளூவே" என்ற பேரில் அறியப்படும் அந்தப் பிரசவ மருத்துவமனை, உலோகத் தொழிலாளர் சங்கம் நடத்தியது. பட்டறைத் தொழிலாளியின் மனைவி, ஆலையில் வேலை பார்த்த பெண், இவங்கதான் முதல் மாணவிகள். அந்த வருஷம் புதுச்சேரி இன்னும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1954 நவம்பர் 1-ல்தான் இந்தியாவோடு சேர்ந்தது.

16/
தொழிற்பேட்டைப் பக்கத்திலேயே குடியிருக்கிறதால எனக்கு இது அடிக்கடி ஞாபகம் வரும். தொழிலாளி வீட்டுப் பெண்களுக்காக ஒரு சங்க மருத்துவமனையில் பரவின முறை, இன்னைக்கு நம்ம ஊர்ல காசு உள்ளவங்க கட்டணம் கட்டிப் படிக்கிற வகுப்பா மாறியிருக்கு. ஷிப்டு முழுக்க நின்னுக்கிட்டே பேக்கிங் பண்ற பொண்ணுக்குத்தான் இது முதல்ல போய்ச் சேர்ந்திருக்கணும். கருவி வேண்டாம், மருந்து வேண்டாம். சொல்லித் தர ஒரு ஆள் இருந்தாப் போதும்.

17/
அந்தச் சரித்திரத்தில் ஒரு எச்சரிக்கையும் இருக்கு. அவங்க அதுக்கு வச்ச பேர் "வலியில்லாப் பிரசவம்". பேர் அப்படி வச்சதும், வலிச்சவங்க எல்லாம் தோத்தவங்க ஆயிட்டாங்க. யார் எவ்வளவு அமைதியா இருந்தாங்கன்னு பார்த்து "மிகச் சிறப்பு" முதல் "தோல்வி" வரை தரம் பிரிச்சதாவும் பதிவு இருக்கு. பிள்ளை பெத்து முடிச்ச பெண்ணுக்கு மார்க்கு! அந்தத் தப்பை நாம செய்யக் கூடாது. மூச்சுப் பயிற்சி பரீட்சை கிடையாது.

18/
அந்தக் காலத்து லமாஸ் முறையில் நாய் இளைக்கிற மாதிரி வேகமா மூச்சு விடச் சொல்லுவாங்க. சினிமாவில் பார்த்திருப்பீங்க. இப்போ மெதுவான மூச்சுக்குத்தான் முக்கியத்துவம். ஏன்னு 12-வது பதிவில் சொல்லிட்டேன்.

19/
ஆதாரம் என்ன? உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவப் பராமரிப்புப் பரிந்துரைகளில், வலி குறைக்க உதவி கேட்கும் ஆரோக்கியமான கர்ப்பிணிக்கு அவர் விருப்பப்படி மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, இசை, மசாஜ், வெந்நீர் ஒத்தடம் இவற்றைப் பரிந்துரைக்கிறது. அதே வருஷம் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தளர்வுப் பயிற்சிகள் வலியைக் குறைக்க உதவலாம், ஆனா சான்றுகளின் தரம் குறைவுன்னு நேர்மையா சொல்லுது. அதனால நானும் "உதவலாம்"னுதான் சொல்றேன்.

20/
இதைவிட வலுவான சான்று இருக்கிறது வேற ஒன்னுக்கு: பிரசவம் முழுக்கக் கூடவே ஒரு ஆள் இருக்கிறது. 17 நாடுகள், 15,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அடங்கிய இன்னொரு காக்ரேன் தொகுப்பு 2017-ல் வந்தது. தொடர்ந்து ஒருவர் கூட இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் ஆகும் வாய்ப்பு கூடுது, சிசேரியன் குறையுது, பிரசவ நேரம் கொஞ்சம் குறையுது, மனக்குறையோட வீட்டுக்குப் போறவங்களும் குறையறாங்க.

21/
மூச்சும் துணையும் தனித்தனி இல்லை. ஒரு முதல் பிரசவம் சொல்றேன். தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை பார்த்த பொண்ணு. கூட வந்தது அத்தை, மூணு பிள்ளை பெத்தவங்க. வலி லேசா இருக்கும்போதே ஸ்டாஃப் நர்ஸ் ரெண்டு பேருக்கும் மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தாங்க. அத்தை எண்ணினது எப்படித் தெரியுமா? அரிசி அளக்கிற மாதிரி. "லாபம், ரெண்டு, மூணு, நாலு... விடு தாயி." ஒன்னுக்குப் பதிலா லாபம்!

22/
அந்தப் பொண்ணு அழுதது. கத்தினது. ஒரு கட்டத்துல அத்தையைத் திட்டவும் செஞ்சது. அத்தை எண்ணறதை நிறுத்தல. மறுநாள் ரவுண்ட்ஸ்ல கேட்டேன், மூச்சு விட்டது உதவிச்சாம்மான்னு.
"வலி அப்படியேதான் இருந்துச்சு டாக்டர். ஆனா எப்ப முடியும்னு தெரிஞ்சுது."
இதைவிடச் சரியா எந்தப் பாடப்புத்தகமும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

23/
இப்போ கசப்பான பக்கம். எந்த இடம்னு சொல்லப் போறதில்லை. முதல் பிரசவத்தில் வலி தாங்காம கத்தினதுக்கு, இங்கே எழுத முடியாத பேச்செல்லாம் கேட்ட ஒரு பெண். ரெண்டாவது பிரசவத்துக்கு வலி வந்து பல மணி நேரம் வீட்டிலேயே பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு, பிள்ளை தலை தெரியற நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாங்க. ஏம்மா இவ்வளவு நேரம்னு கேட்டதுக்கு, "சீக்கிரம் வந்தா ரொம்ப நேரம் திட்டு வாங்கணும்ல"ன்னாங்க.

24/
தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. ஆனா ஆட்டோவிலேயே பிறந்து, ரத்தப்போக்கு நிற்காம போயிருந்தா? பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் மணிக்கணக்கில் நேரம் கிடைக்காது. "கத்தாதே, மூச்சை விடு"ன்னு அதட்டறது மூச்சுப் பயிற்சி இல்லை. அது பயத்தைக் கூட்டும். 5-வது பதிவில் சொன்ன அதே வட்டம்தான். பிரசவ வார்டில் நாம காட்டுற முகமும் மருத்துவத்தில் சேர்த்திதான். இதை என்னோட வேலை பார்க்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதறேன். ஒரு நைட் டியூட்டியில் எத்தனை பேரைப் பார்க்கிறோம், எத்தனை கை குறையுதுன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் துணை ஆள் வேணும்னு சொல்றேன்.

25/
துணைக்கு ஆள் கேட்கறது சலுகை இல்லீங்க. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்கலாம்னு மத்திய சுகாதார அமைச்சகம் 2016-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கு. தமிழ்நாட்டில் 2004-லேயே தொடங்கிட்டாங்க. பிரசவ அறைகளின் தரம் உயர்த்த 2017 டிசம்பரில் வந்த "லக்ஷ்யா" திட்டத்திலும் துணையும் மரியாதையான நடத்தையும் உண்டு.
துணைக்கு வர்றவங்க பெண்ணா, முடிஞ்சா பிள்ளை பெத்த அனுபவம் உள்ளவங்களா இருக்கணும். தொற்று நோய் இருக்கக் கூடாது, சுத்தமான உடை வேணும், சிகிச்சையில் குறுக்கிடக் கூடாது. மறைவான தனியிடம் உள்ள மருத்துவமனைகளில் கணவரையும் அனுமதிக்கலாம். செக்கப்புக்குப் போகும்போதே கேட்டு வைங்க.

26/
துணைக்குப் போறவங்க செய்ய வேண்டியது: கூடவே மூச்சு விடுங்க, எண்ணுங்க. வலி வரும்போது உள்ளங்கையின் அடிப்பகுதியால் கீழ் முதுகை அழுத்தித் தேய்ச்சு விடுங்க. டாக்டர் சரின்னா இடைவெளியில் தண்ணி குடிக்க வைங்க, நடக்க வைங்க, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க.
செய்யக் கூடாதது: "எங்க காலத்துல..."ன்னு ஆரம்பிக்கிறது. மத்தவங்களுக்கு நடந்த கெட்ட பிரசவக் கதை சொல்றது. வயித்தை அமுக்கித் தள்ளறது.

27/
8 சென்டிமீட்டருக்கு மேல போகும்போதுதான் ரொம்பக் கஷ்டமான நேரம். "என்னால முடியாது, ஆபரேஷன் பண்ணிடுங்க"ன்னு பல பேர் சொல்றது இங்கேதான். முக்கணும் போல வேற இருக்கும். வாய் முழுசா விரியும் முன்னாடி விடாம முக்கினா களைச்சுத்தான் போவீங்க. அப்போ சூடான காபியை ஊதற மாதிரி "ஊ... ஊ..."ன்னு சின்னச் சின்னதா ஊதுங்க. முக்கற உந்துதலைக் கடந்து வர அது உதவும்.

28/
முழுசா விரிஞ்ச பிறகு, உந்துதல் வரும்போது முக்குங்க. உங்க உடம்பு கேட்கிறபடி முக்கறதைத்தான் உலக சுகாதார நிறுவனமும் ஆதரிக்குது. மூச்சை அடக்கி முகம் நீலமாகும் வரை முக்க வேண்டாம். சில நொடி முக்கி, மூச்சு வாங்கி, மறுபடி முக்குங்க. பிள்ளைத் தலை வெளியே வரும் நேரத்தில் "முக்காதம்மா, ஊது"ன்னு சொல்வாங்க. உடனே நிறுத்தி ஊதணும். தலை மெதுவா வந்தா கிழிசல் குறையும்.

29/
இதையெல்லாம் வலி வந்த பிறகு கத்துக்க முடியாது. நீச்சலைக் கடலில் விழுந்த பிறகு கத்துக்கிற மாதிரி ஆயிடும். ஏழாம் மாசம் வளைகாப்பு போடுறோம்ல, அன்னைக்கே பயிற்சியை ஆரம்பிங்க. தினமும் ராத்திரி 10 நிமிடம். மல்லாக்கப் படுக்காம, சாய்ஞ்சு உட்கார்ந்தோ இடது பக்கம் படுத்தோ செய்யுங்க. காலிலிருந்து முகம் வரை ஒவ்வொரு இடமா இறுக்கித் தளர்த்துங்க. அப்புறம் 6 மூச்சு, ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி 6 மூச்சு. பிரசவத்துக்குத் துணை வரப்போறவங்களையே எண்ணச் சொல்லுங்க.

30/
வருஷா வருஷம் ஜனவரியில் யோகா திருவிழா நடக்கிற ஊர் நம்மது. அதனால இதையும் சொல்லிடறேன். பிராணாயாமம் தெரிஞ்சவங்க கர்ப்பத்தில் மூச்சை உள்ளே அடக்கி வைக்கும் கும்பகம், வேகமான கபாலபாதி, பஸ்திரிகா இதெல்லாம் செய்ய வேண்டாம். மெதுவா இழுத்து மெதுவா விடறது மட்டும் போதும். ஆஸ்துமா, இதய நோய், கடுமையான ரத்தசோகை உள்ளவங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

31/
மூச்சு விட்டும் வலி தாங்க முடியலைன்னா வலிக்கு மருந்து கேளுங்க. ஊசி இருக்கு. வலி குறைக்கிறதில் மிகச் சிறந்தது எபிடூரல். அதுக்கு மயக்க மருந்து நிபுணர் தேவை, எல்லா அரசு மருத்துவமனையிலும் எல்லா நேரமும் கிடைக்காது. ஆனா கேட்கறதில் வெட்கமே வேண்டாம். சிசேரியன் தேவைப்பட்டாலும் அப்படித்தான். மூச்சுப் பயிற்சியைக் காட்டி ஒரு பெண்ணுக்கு வலி மருந்தை மறுக்கிறது தப்பு.

32/
மிக முக்கியம். கீழே உள்ளது எது வந்தாலும் வீட்டில் மூச்சுப் பயிற்சி செஞ்சுக்கிட்டு உட்காராதீங்க. 108-க்குப் போன் பண்ணுங்க:
ரத்தப்போக்கு.
இடைவெளியே விடாம வயிறு கல்லு மாதிரி இறுகி வலிக்கிறது.
பனிக்குடம் உடைஞ்சு தண்ணி போறது, அதுவும் பச்சையா, நாத்தத்தோட இருந்தா.
பிள்ளை அசைவு குறையறது.
கடுமையான தலைவலி, கண் மங்கல், வலிப்பு.
காய்ச்சல்.
37 வாரத்துக்கு முன்னாடியே வலி.
முன்னாடி சிசேரியன் ஆனவங்க வலி லேசா ஆரம்பிச்சாலே வந்துடுங்க.

33/
"சூட்டு வலியா, நிஜ வலியா"ன்னு சந்தேகம் வந்தா வீட்டில் சீரகத் தண்ணி குடிச்சுப் பார்ப்பாங்க. அதைக் குடிச்சுட்டு ராத்திரி முழுக்கக் காத்திருக்காதீங்க. வலி சீரான இடைவெளியில் வந்து, இடைவெளி குறைஞ்சுக்கிட்டே போய், நடந்தாலும் படுத்தாலும் விடலைன்னா அது நிஜ வலி. விளக்கெண்ணெய் கொடுக்காதீங்க. சந்தேகம்னா வாங்க. திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை.

34/
உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஏழு மாசம் தாண்டினவங்க இருந்தா, இன்னைக்கு ராத்திரியே அவங்களோட உட்கார்ந்து ஆறு மூச்சு எண்ணிப் பாருங்க. 'லாபம்'னே ஆரம்பிங்க. மேட்டுப்பாளையம் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கிற தங்கைகளுக்கு இதை வாய்ஸ் மெசேஜா படிச்சு அனுப்பினாலும் சந்தோஷம். சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. டியூட்டி முடிஞ்சு வந்து பதில் போடறேன்.